ரத்தக்காட்டேரி பிடித்த குதிரை

மலையில் மரம் இழுத்து இழுத்து இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அந்த இடுப்போடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், கையில் மண்வெட்டியைத் திணித்தார்கள். போன மாதம் செத்த இலியேயைத் தோண்டி, நெஞ்சில் கழு அடிக்க வேண்டுமாம்.

இலியே உயிரோடு இருந்தபோது கோழி அறுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். செத்ததும் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டானாம். ஆதாரம்? பிணத்தைக் கிடத்தியிருந்தபோது ஒரு பூனை அதைத் தாண்டிக் குதித்தது. எங்கள் கார்பாத்திய மலையில் அது போதும். அப்புறம் ஊர் மாடுகளுக்குப் பால் வற்றியது. மழை இல்லை, புல் கருகிக் கிடந்தது. இருந்தாலும் பாலைக் குடித்தவன் இலியேதான்!

கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். பூசணி விதை கொறிப்பவர்கள், பிளம் சாராயம் குடிப்பவர்கள். நடுவில் காட்டேரி பிடிக்கும் கொர்னேலியு. கறுப்பு அங்கி, உள்ளே சிவப்புத் துணி.

எங்கள் பழைய கதைகளில் காட்டேரி அழுக்குச் சட்டை போட்ட குடியானவன். முகம் உப்பிச் சிவந்திருக்கும். இந்தப் பக்கம் காலே வைக்காத ஒரு வெளிநாட்டுக்காரர் அவனைப் பிரபுவாக்கி, கோட்டையில் குடிவைத்துக் கதை எழுதினார். சினிமாக்காரர்கள் அங்கி தைத்துப் போட்டார்கள். அது டிவி வழியாக எங்களிடமே திரும்பி வந்தது. உள்ளூர்ப் பொய்தான், வெளிநாடு போய் வந்ததால் மரியாதை கூடிவிட்டது. காட்டேரியின் உடுப்பைக் காட்டேரி பிடிப்பவர் ஏன் மாட்டியிருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொர்னேலியுவிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. காட்டேரி படுத்திருக்கும் கல்லறையை மட்டும் குதிரை தாண்டாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. குதிரை நின்றால் தோண்ட வேண்டியதுதான்.

குதிரை நாலைந்து கல்லறைகளைத் தாண்டியது. இலியேயின் கல்லறை வந்தது. கொர்னேலியு சிலுவை போட்டார், பூண்டைக் கடித்தார், இருமினார். குதிரை ஆணி அடித்தாற்போல் நின்றது.

"பாத்தீங்களா! தோண்டுங்க! வீட்டுக்கு நூறு லெய் பணம் எடுத்து வைங்க!" நோட்டுகள் மளமளவென்று அவர் பைக்குள் போயின.

இலியேயின் மனைவி சாஃப்தா கல்லறைக்குக் குறுக்கே வந்து நின்றாள். "ஆயுசு பூரா முதுகு ஒடிய வேல பாத்த மனுஷன். இப்பத்தான் நிம்மதியாப் படுத்திருக்காரு. அவரு நெஞ்சுலயா கழு அடிக்கப் போறீங்க?"

"தள்ளும்மா! குதிரை பொய் சொல்லாது."

"குதிரை சொல்லாது சாமி. உங்களுக்குச் சளியா?"

"இல்லியே."

"பின்ன ஏன் இருமுனீங்க?"

"காட்டேரி நாத்தம்மா!"

"மோப்பம் புடிக்கிறது குதிரைதானே? நீங்க அங்கிய தலையோட மூடிக்கிட்டு இங்கயே நில்லுங்க. இந்தத் தம்பி குதிரைய ஓட்டட்டும்."

"நல்ல யோசனை! சாமி, மூடுங்க!" என்று கூட்டம் கத்தியது. வேறு வழியில்லாமல் மூடிக்கொண்டார்.

கடிவாளம் என் கைக்கு வந்தது. சத்தமில்லாமல் இலியேயின் கல்லறைக்கு ஓட்டினேன். குதிரை சாவகாசமாகத் தாண்டியது. தாண்டி முடித்ததும் சாணமும் போட்டது. சாஃப்தா கண்ணைக் காட்டினாள். பக்கத்திலிருந்த பாதிரியாரின் தோட்டத்துக்குள் விட்டேன்.

"சாமி, என் புருஷன் கல்லறைக்கு வந்துருச்சு!" என்றாள்.

அங்கிக்குள் இருமல். குதிரை நின்றது, முன்னங்கால் இரண்டும் முட்டைக்கோசுப் பாத்தியில்.

"தோண்டுங்க! படுபாவி இங்கதான் கெடக்கான்!" என்றது அங்கி.

"ஐயோ, அது என் கோசுய்யா!" என்று பாதிரியார் அலறினார்.

"சாமி, கோசுக்கு நெஞ்சு எந்தப் பக்கம்?" என்றான் ஒரு குடிகாரன்.

அங்கியை விலக்கிப் பார்த்த கொர்னேலியு, பாய்ந்துபோய்க் குதிரையில் ஏறினார். பயத்தில் பூண்டு தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. குதிரை நின்றது. உதைத்தார், நகர்ந்தது. இருமினார், நின்றது. ஊரே நடந்துபோய்ப் பிடித்துவிட்டது.

கொடுத்த பணத்தை ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்கு மட்டும் எல்லோருக்கும் மூளை நன்றாக வேலை செய்தது. மற்ற நேரத்திலும் அதைக் கொஞ்சம் பயன்படுத்துங்களய்யா, தேய்ந்துவிடாது!

சாஃப்தாவிடம் ஊர் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.