சிவப்பு லைட்டு எரியுதா?

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நேர்மையாக இருப்பேன். அதோடு விட்டாலும் பரவாயில்லை, அதை நாலு பேர் பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்ப்பேன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது (ஓய்வு பெற்றுவிட்டேன், பார்க்க ஆள் இல்லை).

இந்தக் குணம் உச்சத்தில் இருந்த காலத்தில் என்னை ஓர் அரசு அலுவலகத்துக்குத் தலைவியாக்கினார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் உறவுக்கும் ஆராய்ச்சிக்குமான அலுவலகம். பெயர் நீளமாக இருந்ததால் போர்டு கதவை விட அகலமாகிப் போய், ஒரு முனை பக்கத்து அறையான பழைய ஃபைல் கிடங்கின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நான், ஒரு குமஸ்தா, ஒரு டைப்பிஸ்ட், ஒரு மின்விசிறி. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அங்கே அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று ஆராய்வதும், அந்த நாட்டு அதிகாரிகளோடு பேசுவதும் எங்கள் வேலை. நான் நாற்காலியில் சாயும் விதத்தைப் பார்த்தால் ஐக்கிய நாடுகள் சபையே என்னிடம் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறது என்று நினைப்பீர்கள்.

தினமும் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய் வருவேன். வீடு பக்கத்திலேயே, கொல்லயில் என்கிற ஊரில். நிலச் சீர்திருத்தத்தில் எங்கள் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்ட்டில் கட்டிய வீடு. அதில் நானும், தங்கை லில்லியும், அவள் மகள் பிரியாவும் இருந்தோம். கல்யாணம் செய்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை (நேரம் கிடைத்தபோது ஆள் கிடைக்கவில்லை). லில்லியின் மாப்பிள்ளை வில்சன் வளைகுடாவில் வெல்டர். அவன் போகும்போது பிரியா வயிற்றில். எனக்கு நாற்காலி கிடைத்தபோது பிரியாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது.

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான். அது முடிந்தும் வில்சனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான். கேட்டால் அடுத்த மாதம் என்பான். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

"அக்கா, ஒரே ஒரு கடிதம் எழுது. நீ ஒப்புப் போட்டா அந்த முதலாளி பேடிச்சு விட்டுருவான்" என்றாள் லில்லி.

"சொந்தக்காரனுக்காக ஆபீஸ் தாளைத் தொடமாட்டேன்" என்றேன் நான். சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தேன். "அப்பா யாருகிட்டயாவது கெஞ்சினாரா? பத்து சென்ட்டும் நேர்வழியில வாங்கினது ஆக்கும்."

லில்லி அடுக்களைக்குப் போனாள். எனக்குச் சோறு போட்டாள். அன்றைக்கு நெத்திலி அவியல். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

வில்சனும் லில்லியும் கடிதம் எழுதிக்கொள்வதில்லை, கேசட்டில் பேசிக்கொள்வார்கள். வளைகுடாவுக்கு ஆள் போன எல்லா வீட்டிலும் அப்போது அதுதான் வழக்கம். அங்கிருந்து அவன் பேசி அனுப்புவான். இங்கே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து, ஊரிலிருந்து யார் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். பிரியாவுக்கு அப்பா என்றால் அந்த டேப் ரிக்கார்டர்தான். காலையில் எழுந்ததும் அதன் ஸ்பீக்கருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகும்.

இந்த நிலையில் வில்சன் இருந்த வளைகுடா நாட்டின் தொழிலாளர் துறையிலிருந்து மூன்று அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வருவதாகத் தகவல் வந்தது. டெல்லியிலிருந்து எங்கள் செயலாளரும் வருகிறார். தொழிலாளியின் பாஸ்போர்ட் தொழிலாளியிடமே இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் விடுவேனா? அம்பூரி, கள்ளிக்காடு, பாறசாலை என்று அலைந்து, ஆள் திரும்பாத வீடுகளில் பேட்டி எடுத்து, பொறுக்கிய குரல்களை ஒரே கேசட்டில் சேர்த்தேன். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் என் முன்னுரை. அந்த முன்னுரைக்காக மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்றேன். (எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் பேட்டி எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

திங்கட்கிழமை கூட்டம். சனிக்கிழமை கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, வில்சன் அனுப்பிய டேப் ரிக்கார்டரில் போட்டு என் ஆங்கிலத்தை நானே ரசித்தேன். கேசட் அதற்குள்ளேயே இருந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் எங்கள் சர்ச் சபையில் பெண்கள் சங்கத்துக் கூட்டம். தலைப்பு 'கவனம்'. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

விருந்தினர் மாளிகையில் கூட்டம். அந்தப் பக்கத்துத் தலைவர் வயதானவர், கையில் ஜெபமாலை, முகத்தில் ஓர் அசைவு கிடையாது. மொழிபெயர்க்க ஒரு மௌலவி சார் வந்திருந்தார். தக்கலையில் பெண் கட்டியவர் என்பதால் எங்கள் தமிழ் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டும் என்று டேப் ரிக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"இதில் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. மக்களின் சொந்தக் குரல்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன். மௌலவி சார் பொத்தானை அழுத்தினார்.

முதலில் ஓர் ஆடு கத்தியது. எனக்கு அந்த ஆட்டைத் தெரியும்.

பிறகு லில்லி. "எலே ஜான்சா, சிவப்பு லைட்டு எரியுதா? எரியுதா? செரி, நீ தள்ளி நில்லு."

ஜான்சன் எங்கள் அடுத்த வீட்டுக்காரன். அந்தத் திங்கட்கிழமைதான் வளைகுடாவுக்குப் புறப்படுகிறான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவன் கையில் கொடுத்தனுப்ப லில்லி என் கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறாள். பாய்ந்து பொத்தானைத் தொடப் போனேன். தலைவர் ஜெபமாலை இருந்த கையை உயர்த்தி ஏதோ சொன்னார். "நிறுத்த வேண்டாங்கிறார்" என்றார் மௌலவி சார். சொல்லிவிட்டு ஆட்டிலிருந்து ஆரம்பித்து மொழிபெயர்க்கவும் தொடங்கினார்.

"பிள்ளேட அப்பாவுக்கு லில்லி எழுதிக்கொள்வது. எழுதல்ல, பேசிக்கொள்வது. இஞ்ச எல்லாரும் சுகம். அங்க நிங்களுக்கு சுகமா? பல்லுவேதனை மாறியாச்சா? பிரியா, வா மோளே, அப்பாட்ட பேசு."

பிறகு இச்சென்று ஒரு முத்தம். "பேசியாச்சு" என்றது குழந்தை.

"கேட்டியளா? இது உம்மை இந்தப் பெட்டியின்னாக்கும் நெனச்சிட்டு இருக்கு. நேத்து அதுக்கு ஒரு வாய் சோறும் ஊட்டினா. ஸ்பீக்கர்ல சோத்துப் பருக்கை. நான் துடைச்சு எடுத்தேன். ரண்டு வருசம்னு செல்லிட்டுப் போனீரு. அந்தப் பாவி பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சிருக்கான், நான் யாருட்ட போய்ச் செல்ல?"

இதுவரைக்கும் என் மானத்துக்குப் பெரிய சேதம் இல்லை. அடுத்து வந்தது.

"எனக்க அக்கா பெரிய ஆபீசர் ஆக்கும். ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். சொந்தக்காரனுக்கு எழுதக்கூடாதாம், சட்டமாம். ஊருல உள்ள எல்லாவனுக்கும் எழுதுவா. நீரு எனக்க மாப்பிளையாப் போனதாக்கும் குத்தம். மீன்சட்டியை வழிச்சுத் திங்க மட்டும் சொந்தம் உண்டு."

தமிழில் ஒரு தடவை, அரபியில் ஒரு தடவை, செயலாளருக்காக ஆங்கிலத்தில் ஒரு தடவை. ஒரே அடியை மூன்று தடவை வாங்கினேன். மீன்சட்டிக்கு அரபியில் சரியான சொல் கிடைக்காமல் மௌலவி சார் கையால் வழித்துக் காட்டினார்.

"அக்கா எப்பவும் அப்பா கதை செல்லுவா. அப்பா கெஞ்சல்லியாம். அப்பா தாலுக்காபீஸ் வாசல்ல எத்தனை நாளு நின்னாருன்னு எனக்குத் தெரியும், நாந்தானே கஞ்சி கொண்டு போனேன். கடைசில ஒரு குமஸ்தா பாவப்பட்டு ஒரு மனு எழுதிக் குடுத்தாரு. அதுனாலயாக்கும் பத்து சென்ட்டு. அந்த ஆளு சட்டம் பேசியிருந்தா அக்கா இன்னைக்கு எங்க உக்காந்து சட்டம் பேசுவா? ஆனா நீரு அவளத் தப்பா நெனைக்காதியும். அவ பாவம், ஒரு ஆளும் இல்லாதவ. செரி, வைக்கட்டா? வேகம் வாரும்."

டப்பென்று ஒரு சத்தம். உடனே, அழியாமல் மிஞ்சியிருந்த என் ஆங்கிலம் கம்பீரமாக எழுந்தது: "ஆகவே, மாண்புமிகு விருந்தினர்களே, எங்கள் ஆய்வின் முடிவு தெளிவானது..." மௌலவி சார் அவசரமாக நிறுத்தினார்.

செயலாளர் என்னிடம், "இந்த அக்கா யார்?" என்றார்.

"நான்தான் சார்."

தலைவர் மௌலவி சாரிடம் ஏதோ கேட்டார். மௌலவி சார் என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாகச் சொன்னார். "அந்தப் பிள்ளையின் அப்பா யாரு, எந்தக் கம்பெனின்னு கேக்கிறார். செல்லுங்க டீச்சரே." (நான் டீச்சர் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு என்னைப் பார்க்க அப்படித் தோன்றியிருக்கிறது.)

அரசு மேஜை, அரசு தாள், அரசு பேனா. ஒரு வருடமாகத் தொடமாட்டேன் என்று நான் சொன்ன அதே தாள். எதிரே செயலாளர். எனக்குக் குழந்தையின் முத்தச் சத்தம்தான் காதில் இருந்தது. வில்சன் பெயர், கம்பெனி பெயர், முகாம் எண், ஊர், "இவர் என் தங்கையின் கணவர்" என்று ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லில்லி என்னிடம் கேட்டது அவ்வளவுதான். எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

தலைவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். கேசட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். முகத்தில் அப்போதும் அசைவு இல்லை. புகார் எழுதத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன்.

சாயந்திரம் லில்லியைக் கிழித்து எறியும் ஆவேசத்தோடு வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டில் நின்றாள்.

"அக்கா, எனக்க கேசட்டு எங்க?"

"உன் கேசட்டா? அது ஆபீஸ் கேசட்டுடி!"

"அதுல ஒனக்க இங்கிலீசுதானே இருந்து? கண்ணாடி முன்னால பழகினதுன்னு நெனச்சேன். அவரு அனுப்பின கேசட்டுல பிரியாவுக்குப் பாட்டுப் பாடியிருக்காரு, அத அழிக்க மனசு வரல்ல. ஜான்சன் ஊறுகாயோட சேத்துக் காலைல வாங்கிக்கிடுதேன்னான். வந்து பாத்தா மெசின்ல கேசட்டைக் காணல்ல. அவன் ஊறுகாயை மட்டும் கொண்டு போயாச்சு. இனி எப்ப யாரு போவாவோ? அதுவரை அவருக்கு எனக்க சத்தம் இல்லக்கா."

சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். என் வேலை போகுமே என்று வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். அவளுக்குப் போனது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து ஆடு கத்தியது. "ஒனக்க சத்தமும் அதுல உண்டும்மா" என்று அதைப் பார்த்துச் சொன்னேன். லில்லி ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

எனக்கு மெமோ வந்தது, பதில் எழுதினேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இனி ஆய்வு கேசட்டுகள் அனைத்திலும், மேல் பதிவு செய்ய முடியாதபடி பின்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட வேண்டும். என் பணிக்காலத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஒரே உத்தரவு அதுதான்.

மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், வில்சன் வீட்டு வாசலில் நின்றான். பிரியா அவனைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடி டேப் ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டது. அவன் கிட்டே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, கேசட்டில் பாடிய அந்தப் பாட்டை மெல்லப் பாடினான். பிரியா பெட்டியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் வாயைத் தொட்டுப் பார்த்தது.

சாப்பிட்ட பிறகு வில்சன் சொன்னான். "ஒரு நாளு போலீஸ் வண்டி வந்து என்னைய ஏத்திட்டுப் போச்சு மைனி. தீந்தேன்னு நெனச்சேன். பெரிய ஆபீசு. ஒரு வயசான ஆளு, கையில மாலை. ஒண்ணும் கேக்கல்ல. ஒரு கேசட்டை எடுத்துப் போட்டாரு. ஆடு கத்துச்சு. பொறவு இவளுக்க சத்தம், சிவப்பு லைட்டு எரியுதான்னு. நான் மேசைல தலைய வச்சு அழுதேன். முழுசும் கேக்க விட்டாரு. நிமிந்து பாத்தா முன்னால பாஸ்போர்ட்டு இருக்கு."

ஜான்சன் கொண்டுபோகாத கேசட்டை அரசாங்கம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. போக வேண்டிய ஆளுக்கே போயிருக்கிறது.

"எல்லாம் கேட்டேன் மைனி" என்றான் வில்சன், எதிரே இருந்த சட்டியை என் பக்கம் தள்ளிக்கொண்டே. "மீன்சட்டி உட்பட."

இன்றைக்கும் கல்யாண வீட்டிலோ சபையிலோ நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தால், கூட்டத்தில் எங்கிருந்தாவது வில்சன் குரல் வரும்: "மைனி, சிவப்பு லைட்டு எரியுதா?" என் பணி ஓய்வு விழாவிலும் வந்தது. அன்றைக்கு மேடையில் என் ஆராய்ச்சிகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த பிரியா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "பெரியம்மா அஞ்சு வரி எழுதினா. எனக்க அப்பா வந்தாரு."

எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.