பேரம் பேசாத லண்டன் டாக்டரும் நமது ஜெராக்ஸ் மிஷினும்

விருதுநகர்
11.8.2008

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முஹ்சின் அவர்களுக்கு, மாமனார் செய்யது அபுதாஹிர் துபாய் முகவரிக்கு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும், உங்கள் மாமி ரோஷன் பேகமும், உங்கள் மனைவி ஷிபானாவும், பிள்ளை தஹ்மீனாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். தஹ்மீனாவுக்கு எட்டுப் பல் முளைத்துவிட்டது. எட்டாலும் என்னைக் கடித்துப் பார்த்துவிட்டாள். அங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டோம். இங்கேயும் குறைவில்லை.

நிற்க. சூலக்கரையில் நீங்கள் பூட்டிவிட்டுப் போன கடையில் இருக்கும் ஜெராக்ஸ் மிஷினை விற்று, அந்தப் பணத்தில் ஷிபானாவுக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். நீங்கள் அனுப்பிய விசா காலாவதியாக இன்னும் இருபத்தாறு நாள்தான் பாக்கி என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மிஷின் என்ன ஆச்சு மாமா?" என்று நீங்கள் போனில் கேட்கும்போதெல்லாம் "பேச்சு நடக்குது" என்று மட்டும் சொல்லிவந்தேன். நடந்த பேச்சு முழுவதையும் சொன்னால் உங்கள் ஒரு மாதச் சம்பளம் போன் பில்லுக்கே போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி பிராங்க்ளின் தம்பியின் பிரவுசிங் சென்டருக்குப் போய் இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்தேன். விலை நாற்பத்தைந்தாயிரம் என்று போட்டேன். மனதுக்குள் முப்பத்திரண்டு. நடுவில் உள்ள பதிமூன்று பேரத்துக்கு விட்ட இடம். முப்பத்தோரு வருடம் மிளகாய் வத்தல் மண்டியில் தரகு பார்த்தவனுக்கு இது தெரியாதா? மூன்றாம் நாளே லண்டனில் இருந்து ஒரு டாக்டர் மெயில் போட்டிருந்தார். மிஷினை அவர் பார்க்கவில்லை, படத்தைக்கூடக் கேட்கவில்லை, "நாற்பத்தைந்தாயிரம் சம்மதம், அன்பு நண்பரே" என்று ஒரே வரி. பிராங்க்ளின் அதைப் படித்துச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை மாப்பிள்ளை. சொன்ன விலைக்கு ஒருவன் தலையாட்டினால் நாம் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? உடனே ஐம்பத்தைந்து என்று பதில் போடச் சொன்னேன். சம்மதம் என்றார். எழுபது என்றேன். அதற்கும் சம்மதம், கூடவே என் உடல்நலத்தையும் விசாரித்திருந்தார். அன்று மத்தியானம் உங்கள் மாமி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு எனக்கு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "ஆறு வருசம் ஓடித் தேஞ்ச மிஷினுக்கு எழுபதாயிரமா? நாளைக்குக் கபுருக்குழியில கேப்பாக, என்ன பதில் சொல்லப் போறீக?" என்று பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே மறுநாள் டாக்டருக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு மெயில் போட்டேன். "ஐயா, பேரம் பேசாமல் வாங்குவது எங்கள் ஊரில் வியாபாரம் ஆகாது. நான் நாற்பத்தைந்து என்றால் தாங்கள் முகத்தைச் சுளித்து இருபது என்று சொல்லவேண்டும். நான் எழுந்து போவதுபோல் பாவனை செய்வேன். தாங்கள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து இருபத்தைந்து என்று ஏறவேண்டும்" என்று பாடமே நடத்தினேன். இதை இங்கிலீஷில் அடிப்பதற்குள் பிராங்க்ளினுக்கு வியர்த்துவிட்டது. "பாய், இது ஏமாத்து வேலை மாதிரி தெரியுது, விட்ருங்க" என்றான். "ஏலே, ஒரு மனுசன் தொழில் கத்துக்கிடுதான், கெடுக்காத" என்று அதட்டினேன். டாக்டர் முதலில் முரண்டு பிடித்தார். ஆறாவது மெயிலில்தான் இருபது என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. அப்புறம் மனுஷன் பிய்த்து உதறிவிட்டார். மிஷின் பழசு என்கிறார், கப்பல் கூலி ஜாஸ்தி என்கிறார், சம்சாரம் திட்டுகிறாள் என்கிறார். கடைசியில் முப்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. பிரவுசிங் சென்டரில் இருந்த அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் டெல்லியில் இருந்து கூரியரில் செக் வந்தது. தொகையைப் பார்த்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். கூடவே ஒரு கடிதம்: முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டு, மீதி எண்பத்திரண்டாயிரத்தை டெல்லியில் இருக்கும் தன் கப்பல் ஏஜெண்டுக்கு இன்றைக்கே ரொக்கமாக அனுப்பிவைக்கவேண்டுமாம். "பாய், செக்கு பாஸாகட்டும், அதுவரைக்கும் பத்து பைசா அனுப்பாதீக" என்று பிராங்க்ளின் காலில் விழாத குறையாகச் சொன்னான். நான் சிரித்தேன். அனுப்புவதாவது! மண்டியில் கூடுதலாக வந்த பணத்தை என்றைக்கு ரொக்கமாகத் திருப்பியிருக்கிறோம்? பட்டியல் போட்டு, கழிவெல்லாம் போக மீதியை அடுத்த லோடுக்கு வரவு வைப்பதுதானே முறை? உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். தரகு, எடைக்கூலி, ஏற்றுக்கூலி, சாக்குக் கழிவு எல்லாம் போட்டேன். ஜெராக்ஸ் மிஷினுக்கு எதற்குச் சாக்கு என்று பிராங்க்ளின் கேட்டான். அது பட்டியலில் எப்போதும் வரும், அவ்வளவுதான். மிச்சத்துக்கு முதல்தரக் குண்டு வத்தல் லோடு அனுப்புவதாகவும், இறக்குகூலி டாக்டரைச் சேர்ந்தது என்றும் எழுதினேன்.

அன்று முதல் அந்த டெல்லி ஏஜெண்ட் போன் போட ஆரம்பித்தான். ஒரே நாளில் பதினோரு தடவை. எடுத்ததெல்லாம் உங்கள் மாமி. அவன் இங்கிலீஷில் கத்துகிறான், இவள் "யாரு பேசுறீக? சாப்பிட்டீகளா? அவுக தொழுகைக்குப் போயிருக்காக, அங்கன சத்தம் சரியா கேக்கல, மெதுவாச் சொல்லுங்க" என்று தமிழில் உபசரிக்கிறாள். நான் போனை வாங்கியபோது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவனுக்கு எத்தனை பெர்சென்ட் கமிஷன் என்று கேட்டேன். பத்து என்றான். வந்ததே எனக்குக் கோபம்! முப்பத்தோரு வருடம் இரண்டு பெர்சென்டில் பிழைத்தவனிடம் வந்து பத்து என்கிறான். இரண்டுக்கு மேல் கிடையாது, வேண்டுமானால் அரை மூட்டை வத்தல் சேர்த்துத் தருகிறேன் என்றேன். அழுகிற குரலில் என்னவோ சொல்லிவிட்டு வைத்தவன்தான், அப்புறம் அந்த நம்பரே வேலை செய்யவில்லை.

செக்கைப் போட்ட எட்டாம் நாள் பாங்கில் கூப்பிட்டார்கள். செக் போலியாம். "நல்லவேளை, நீங்க பணம் அனுப்பல. இப்படித்தான் மீதியைத் திருப்பி அனுப்புன்னு சொல்லி நிறையப் பேரைக் கவுத்திருக்காங்க. எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று மேனேஜர் எழுந்து கைகொடுத்தார். அனுபவம் என்று சொல்லிவைத்தேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு வருத்தம். அந்த டாக்டர் அவ்வளவு நன்றாகத் தேறிவந்தார்.

இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. பேரம் பேசாதவன் திருடன். இந்தப் பாடம் உடனே பயன்பட்டது. ஆமத்தூரில் இருந்து செல்வமணி என்று ஒரு டீச்சரம்மா, விளம்பரம் பார்த்து நேரில் வீட்டுக்கே வந்தார். கணவர் யோபுவுக்குக் கடை வைத்துக்கொடுக்கப் போகிறாராம். விலை கேட்டார். நாற்பத்தைந்து என்றேன். "சரிங்கய்யா, கொண்டாந்திருக்கேன்" என்று கைப்பையைத் திறந்தார். நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். "அம்மா, ஒங்களைப் பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கு, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டு வாசல்வரை வழியனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஷிபானா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சின்னப் பிள்ளை, உலகம் தெரியாது.

இப்போது வந்திருப்பவர்தான் அசல் ஆள். சோலைமலை என்று பெயர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சீசன் ஆர்டருக்குப் பில்லெல்லாம் நகல் எடுக்க மிஷின் வேண்டுமாம். இருபதாயிரத்தில் ஆரம்பித்தார். ஒன்பது நாளாகப் போனில் பேசுகிறோம். தினம் இருநூற்றைம்பது ஏறுகிறார். நேற்று இருபத்திரண்டாயிரத்து இருநூற்றைம்பது. என்ன அழகாகப் பேசுகிறார் தெரியுமா! இந்த வேகத்தில் முப்பத்திரண்டைத் தொட இன்னும் முப்பத்தொன்பது நாள் ஆகும். விசாவுக்கு இருபத்தாறு நாள்தான். கணக்கு கொஞ்சம் இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாணயமான ஆளை அவசரப்படுத்தக் கூடாது. தேவைப்பட்டால் நீங்கள் விசாவை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று அங்கே விசாரியுங்கள். அவர்களிடமும் பேசிப் பார்த்தால் குறையாதா என்ன? ஞாயிற்றுக்கிழமை சோலைமலை மிஷினை நேரில் பார்க்க வருகிறார். அதுவரை கடைச் சாவி உங்கள் மாமியிடம் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் காத்தருளட்டும். உங்கள் கையில் பரக்கத் பெருகட்டும். உடன் தங்கியிருக்கும் எல்லோருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்
செ. அபுதாஹிர்

பின்குறிப்பு: மச்சான், இது ஷிபானா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அத்தா கொடுத்தார்கள், பிரித்துவிட்டேன். மிஷின் விற்றாகிவிட்டது. அன்றைக்கு செல்வமணி டீச்சர் படி இறங்கியதுமே அம்மா என்னைப் பின்னால் ஓடச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் டீச்சரும் கணவரும் சூலக்கரைக் கடைக்கு வந்து, நூறு காப்பி எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து நேரே பாங்குக்குப் போய், காசாளர் எண்ணிப் பார்த்து என் கணக்கில் நாற்பத்தைந்தாயிரமும் ஏறிய பிறகுதான் மிஷினை எடுத்துக்கொள்ளக் கடைச் சாவியைக் கொடுத்தேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை, திருவனந்தபுரத்தில் இருந்து. முதல் நோன்பு உங்களோடுதான். போனில் பேசும்போது அத்தா ஒட்டியே நிற்பதால் சொல்ல முடியவில்லை. தெரிந்தால் டீச்சரைக் கூப்பிட்டு முதலில் இருந்து பேரம் பேசச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவே அத்தாவிடம் சொல்லிவிடுவார்கள்.

ஏர்போர்ட்டுக்கு அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். நீங்கள் போகும்போது பிள்ளைக்கு நாலு மாசம், உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது. போட்டோவில் அந்தச் சட்டையைத் தொட்டுத் தொட்டுத்தான் "அத்தா" என்று சொல்லப் பழகியிருக்கிறாள்.