மாமனார் வீட்டு ராயல் பாமை நான் சுத்தம் செய்த விதம்

மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதையைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சில வருஷமாகச் சொல்லி வருகிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. அன்றைக்கு நான் ஏணியில் நின்று செய்த அநியாயத்தைக் கீழே மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றில் ஒருவர், ஒரே ஒருவர், "யோவ், இறங்குய்யா கீழ" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்குப் பதிலாக எலுமிச்சை ஜூஸ் போட்டு ஏணிக்கே கொடுத்தனுப்பினார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் ஆட்டோவில் ஏறி "சொல்தா வீடு", அதாவது சிப்பாய் வீடு, என்றால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதிகம் பேசாத மனிதர். ஏதாவது பிடித்துப்போனால் "பியென்" என்பார். நல்லது என்று அர்த்தமாம். பால்காரர் நேரத்துக்கு வந்தால் பியென். மீன் குழம்பில் புளி சரியாக இருந்தால் பியென். எதிர்வீட்டு நாய் குரைக்காமல் படுத்திருந்தால் அதற்கும் ஒரு பியென். கல்யாணமாகி எட்டு மாசத்தில் எனக்கு மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. மூத்த பெண்ணைப் பாரிஸில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கொடுக்க நினைத்திருந்தவர் அவர். அவளோ குரும்பகரத்துக்காரன் ஒருவனை, அதுவும் ஒரு சாதாரண ஆபீஸ் கிளார்க்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். (ஏன் அப்படி நின்றாள் என்று சமீபத்தில் கேட்டேன். ஞாபகமில்லை என்கிறாள்.) மாமனார் சம்மதித்தார். ஆனால் சம்மதம் வேறு, பியென் வேறு இல்லையா? அந்த வீட்டில் நான் ஒரு நாற்காலியை நகர்த்தினால் "நீங்க உக்காருங்க மாப்ள" என்பார். பல்ப் மாட்டப் போனால் "நீங்க உக்காருங்க மாப்ள". உட்கார்ந்து உட்கார்ந்தே எட்டு மாசம் போய்விட்டது. ஒரு வேலை, உருப்படியாக ஒரே ஒரு வேலை செய்து அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு பியென் வாங்கிவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வாய்ப்பு வந்தது. மாமனார் பென்ஷன் காகித வேலையாக முந்தின நாளே புதுச்சேரி போயிருந்தார். துணைக்கு என் மனைவி வினோதினியும் போயிருந்தாள். வீட்டில் என் மாமியார், கொழுந்தியாள் காவ்யா, நான். பத்து மணிவாக்கில் வீரையன் என்று ஒருவர் ஏணி, அரிவாள், தேங்காய் நார் சகிதமாக வந்து நின்றார். முப்பது வயது இருக்கும்.

"ஐயா வரச் சொல்லியிருந்தாருங்க. வாசல் மரம் ரெண்டையும் சுத்தம் பண்ணணும்னாரு."

வாசல் கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ராயல் பாம் மரங்கள். சிமெண்டு பூசியது போல சாம்பல் நிறத்தில் வழவழவென்று அடிமரம். அதன் மேல் மூன்று நாலு அடிக்குப் பளபளவென்று பச்சையாக ஒரு பாகம். அதற்கும் மேலே மட்டைகள். அடிமரத்தில் பாசியும் காக்கை எச்சமும். ஒரே ஒரு காய்ந்த மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டு மரத்தைத் தேய்த்துக் கழுவினால் முடிந்தது. அரை மணி நேர வேலை.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"குடுங்க வீரையன், நான் பாத்துக்கறேன். நீங்க ஏணியப் புடிங்க. குரும்பகரத்துல எங்க வரப்பு பூரா தென்னைதான்."

வரப்பு பூராவும் தென்னை இருந்தது உண்மை. அதில் நான் ஏறினது கிடையாது என்பதும் உண்மை. மரத்தடியில் நின்று இளநீர் குடித்ததுதான் எனக்கும் தென்னைக்கும் உள்ள உறவு. ஆனால் யாராவது மரத்தில் மட்டை கழிப்பதை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். பார்த்தால் போதாதா?

வீரையன் தலையைச் சொறிந்தார். "இது தென்ன மாதிரி இல்லீங்களே..."

இதை எச்சரிக்கை என்று இன்றைக்கும் சாதிக்கிறார். இது எச்சரிக்கையா? எச்சரிக்கை என்றால் குரலை உயர்த்த வேண்டாமா? கையைப் பிடித்து இழுக்க வேண்டாமா? சுண்டல் விற்கிறவர் குரலில்கூட இதைவிட அழுத்தம் இருக்கும்.

வலப்பக்கத்து மரத்தில் ஏறினேன். காய்ந்த மட்டையை இழுத்தேன், அழகாகக் கழன்று வந்தது. மேலேயிருந்து கீழே தேய்த்துக் கழுவலாம் என்று ஆரம்பித்தேன். அங்கேதான் அந்தப் பச்சைப் பாகம். அடிமரம் சாம்பல், மேலே மட்டும் பச்சை என்றால் என்ன அர்த்தம்? பாசி! நாரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. சோப்புத் தண்ணீர் கேட்டேன். மாமியார் மறுபேச்சுப் பேசாமல் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் உயிரை விட்டுத் தேய்த்தேன். பச்சை இன்னும் பளபளப்பானதே தவிர, போவேனா என்றது.

அப்போதுதான் ஓரத்தில் ஒரு மடிப்பு கண்ணில் பட்டது. ஆஹா, இது பாசி இல்லை, பழைய மட்டையின் அடிப்பாகம் மரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது, தென்னையில் பன்னாடை ஒட்டிக்கொண்டிருக்குமே அது மாதிரி. அரிவாளால் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்து இழுத்தேன். முழுசாக உரிந்து, மட்டையோடு தடால் என்று கீழே விழுந்தது. உள்ளே இன்னும் இளம்பச்சையாக, வழுவழுப்பாக, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் மரம் மின்னியது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அத்தை, பாத்தீங்களா? எவ்வளவு சுத்தம்!"

மாமியார் விழுந்த மட்டையைப் பார்த்தார். "பச்சையா இருக்கற மாதிரி இருக்கே மாப்ள?"

"வெளியில அப்படித்தான் தெரியும் அத்தை. உள்ளுக்குள்ள காஞ்சிருக்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமியார். இதுதான் நான் சொல்கிற மரியாதை. பச்சை மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அது காய்ந்தது என்று மாப்பிள்ளை சொன்னதற்காக ஒப்புக்கொள்கிற மரியாதை!

இரண்டாவது உரிந்தது. மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றை உரிக்கும்போதும் மரம் வெளுத்துக்கொண்டே வந்தது, மெலிந்துகொண்டும் வந்தது. மெலிவது எனக்கு உறைக்கவே இல்லை. காவ்யா ஜூஸ் கொண்டுவந்தாள். "சூப்பர் மாமா" என்று சொல்லிப் போனில் படம் வேறு எடுத்தாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டாளாம். தெருவில் போகிறவனிடம் "சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கல" என்று கத்துகிற பெண்ணுக்கு என்னிடம் மட்டும் வாய் அடைத்துவிட்டது.

கடைசியில் உச்சியில் என் கை மொத்தத்துக்கு வெள்ளையாக ஒரு தண்டு, அதன் நுனியில் விரியாத ஒரு குருத்து, துணைக்கு ஒற்றை மட்டை. அவ்வளவுதான் மிச்சம். கீழே மலைபோல மட்டைகள். நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, ஏணியை இடப்பக்கத்து மரத்துக்கு மாற்றச் சொன்னேன். மனசுக்குள் அந்தப் பியெனை நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஏணியில் நாலு படி ஏறியிருப்பேன். கார் வந்து நின்றது. வினோதினி இறங்கினாள். உலகத்தில் எனக்கு மரியாதை கொடுக்காத ஒரே ஜீவன்.

"யாரு... யாருங்க இப்படிப் பண்ணது? ஐயோ, இறங்குங்க! மொதல்ல அரிவாளக் கீழ போடுங்க!"

இறங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்து மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது என் மரம்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. வீடு கட்டின வருஷம் மாமனார் இரண்டு கன்று வாங்கி வந்து, வலப்பக்கம் மூத்தவள் கையாலும் இடப்பக்கம் சின்னவள் கையாலும் நட வைத்திருக்கிறார். தினம் காலையில் தண்ணீர் ஊற்றியது அவர். நான் பாசி என்று தேய்த்தேனே, அந்தப் பச்சைதான் மரத்துக்கு உயிர். உயிருள்ள மட்டைகளின் அடிப்பாகம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி, உள்ளே இருக்கும் குருத்தைப் பொத்திக் காக்கிறதாம். அதை யாரும் தொடவே கூடாதாம். இதையெல்லாம் வீரையன் இப்போது கடகடவென்று சொன்னார்!

வினோதினிக்குப் பின்னாலேயே காரிலிருந்து இறங்கி வந்திருந்த மாமனார் வீரையனைப் பார்த்தார். "நீ என்னப்பா பண்ணிட்டிருந்த?"

"ஏணியப் புடிச்சிட்டிருந்தேங்க. மாப்ள சொன்னாருங்க."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். "மாப்ள ஏறி நிக்கறப்ப நாம என்னங்க சொல்றது?" என்றார் மாமியார்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். பட்டாளத்து மனுஷன், பிரெஞ்சில் திட்டினால் நல்லது, புரியாது என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மரத்தை மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மாமியாரிடம், "மாப்ளைக்குச் சாப்பாடு போடு. வெயில்ல வேல பாத்திருக்காரு" என்றார்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து காலையில் வந்த வஞ்சிரம். வறுத்து என் இலையில்தான் முதலில் போட்டார்கள். நடுத்துண்டு. எதிரே உட்கார்ந்திருந்த மாமனாரிடம், "மாமா, மன்னிச்சிருங்க. வினோதினி வச்ச மரம்னு தெரியாது" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "விடுங்க மாப்ள. பெரியவளையே உங்ககிட்ட நம்பிக் குடுத்தாச்சு. மரம் என்ன மரம்."

இது மன்னிப்பா, அடியா? காவ்யா புரையேறி எழுந்து ஓடினாள். வினோதினி அவ்வளவு நேரம் உம்மென்று இருந்தவள், அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தாள். நான் மட்டும் முள்ளெடுக்கிற பாவனையில் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் குருத்து சாய்ந்தது. ஒரு மத்தியானம் கடல் காற்று அடித்ததில் தலை முறிந்து கேட்டுக்கு வெளியே விழுந்தது. மொட்டை மரம் விளக்கில்லாத விளக்குக் கம்பம் மாதிரி கொஞ்ச நாள் நின்றது. தெருவே வந்து விசாரித்தது. வந்தவர்களுக்கெல்லாம் காவ்யா போனை எடுத்துப் படம் காட்டினாள். அப்புறம் வெட்டி எடுத்தார்கள். எங்களுக்குப் பெண் பிறந்ததும், அந்த இடத்திலேயே பேத்தி பேருக்கு மாமனார் புதிதாக ஒரு கன்று நட்டார். நட்ட கையோடு வெல்டிங் பட்டறையில் சொல்லி, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கூண்டு. கூண்டுக்குக் கதவு. கதவுக்குப் பூட்டு.

போன மாசம் நாங்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கூரியர் கொண்டுவந்த தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டே கூண்டைப் பார்த்து, "ஏன்மா, இந்தப் பக்கம் ஆடு தொல்லையா?" என்று கேட்டார்.

என் மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மரியாதை ஒரு இம்மி குறையாமல் சொன்னார்: "ஆடெல்லாம் இல்லப்பா. ஞாயித்துக்கிழமையில எங்க மாப்ள வருவாரு."