மூணு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி

கல்யாணமாகிப் பதினேழு வருடங்களில் முதன்முறையாக நானாக ஒரு முடிவெடுத்தேன். என் வண்டியை நானே தேர்ந்தெடுப்பது.

இதில் என்ன பெரிய வீரம் என்று கேட்பவர்கள் என் வீட்டுக்கு வந்ததில்லை. ஜன்னல் திரை என் மனைவியின் தேர்வு. என் சட்டைகள் அவள் தேர்வு. என் மூக்குக் கண்ணாடியைக்கூட அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அதை மாட்டிய பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. என்னைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாகச் சொல்வாள்.

என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் அன்று காலை நாற்சந்தியின் நட்டநடுவில் உயிரை விட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் என் பரம்பரையைப் பற்றி எனக்கே தெரியாத சில தகவல்களைச் சொன்னார். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், வாசலிலேயே நின்று அறிவித்தேன்.

"நான் எலெக்ட்ரிக் பைக் வாங்கப் போறேன்."

"வாங்குங்க."

"நானே பார்த்து வாங்கப் போறேன்."

"பாருங்க."

எதிர்ப்பு வரும் என்று ஏழெட்டு பதில்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

"உங்க ஆபீஸ் எவ்வளவு தூரம்?" என்றாள்.

"மூணு கிலோமீட்டர்."

"போக மூணு, வர மூணு. ஆறு கிலோமீட்டருக்கு எது போதுமோ அதைப் பாருங்க. பேட்டரியைக் கழட்டி மேலே கொண்டு வர்ற மாதிரி இருக்கணும். நாம இருக்கிறது மூணாவது மாடி, கீழே பிளக் பாயிண்ட் கிடையாது. சர்வீஸ் பண்ற இடம் பக்கத்துல இருக்கணும். ரொம்ப கனமா இருக்கக் கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்."

மத்தபடி மிச்சம் இருந்தது நிறம் மட்டும்தான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தம் எடுப்பதில் கெட்டிக்காரி. ஊசி குத்தியதே தெரியாது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லும்போதுதான் காரியம் முடிந்துவிட்டது என்று தெரியும். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவு. அளப்பதுதான் என் தொழில். வீட்டில் நான் வாயைத் திறந்தாலே அவள் அதைத்தான் சொல்வாள்: "அளக்காதீங்க."

ஷோரூமுக்குத் தனியாகத்தான் போனேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றது. கறுப்பு. அடிபட்டாலும் அழாத முகம்.

"ஒரு சார்ஜுக்கு நூத்தறுபது கிலோமீட்டர் சார்" என்றார் விற்பனையாளர். "மூணு செகண்ட்ல நாற்பதைத் தொட்டுடும்."

மூணு செகண்டில் நான் என் செருப்பைக்கூடத் தொட்டதில்லை. ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த கண்ணாடியில், இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் என் தொப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பேட்டரியைக் கழட்ட முடியுமா?"

"இது வண்டியோட சேர்ந்தது சார். கழட்டவே முடியாது."

கழட்டிக்கொள்ள முடியாத பந்தங்களோடு பழகியவன் நான். அந்த வண்டிதான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது? எதிர்வீட்டு ஏசி மெக்கானிக்கிடம் யோசனை கேட்டேன்.

"தப்பு வண்டியில இல்லை சார், தூரத்துல இருக்கு" என்றார் அவர். "மூணு கிலோமீட்டருக்கு அந்த வண்டியைக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. தூரத்தைக் கூட்டுங்க."

"ஆபீஸ் இருக்கிற இடத்துலதானே இருக்கும்?"

"மாறக் கூடாதுன்னு சட்டமா சார்? நல்லா யோசிங்க."

"பேட்டரியைக் கழட்ட முடியாதே?"

"ஊருக்கெல்லாம் ஏசிக்கு வயர் இழுக்கறவன், உங்களுக்குக் கீழே ஒரு பாயிண்ட் இழுத்துத் தர மாட்டேனா?"

இப்படிப்பட்ட மூளை ஏசி மாட்டிக்கொண்டு திரிகிறதே என்று வருத்தமாக இருந்தது. நேரே வீட்டுக்குள் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸை வேற இடத்துக்கு மாத்தறாங்க."

"எங்கே?"

"புறவழிச் சாலை தாண்டி."

"எத்தனை கிலோமீட்டர்?"

"பதினாலு."

"போய் வரவா?"

"போக மட்டும்."

மடித்த துணியைக் கீழே வைத்தாள். ஊசி போடும் முன்னால் நரம்பு தேடுவாளே, அந்தப் பார்வை பார்த்தாள். கிடைத்துவிட்டது போலிருந்தது.

"பாவம் நீங்க" என்றாள். "புது வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பஸ் மாறணுமே. ஏழரைக்கே கிளம்பினாதான் சரியா இருக்கும்."

இதை நானும் யோசிக்கவில்லை, மெக்கானிக்கும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு டிபன் டப்பாவோடு வெளியே தள்ளப்பட்டேன். ஆபீஸ் திறப்பது ஒன்பதரைக்கு. நடந்தே போனாலும் முக்கால் மணி நேரம். மிச்ச நேரத்தைப் பூங்கா பெஞ்சில் கழித்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தது. அதே பெஞ்சில் ஏழு மணி வரை உட்கார்ந்து தூரத்தைக் கடந்தேன். மூன்றாவது நாள் நடைப்பயிற்சிக்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். தோட்டக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேலை போயிடுச்சுன்னு வீட்ல சொல்லலையா சார்?" என்றார் மெதுவாக. "மனசை விட்டுடாதீங்க. இங்கே காவலாளி வேலை ஒண்ணு காலியா இருக்கு. சொல்லி வைக்கட்டுமா?"

வீட்டிலோ ராஜ உபசாரம். போனதும் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம். நான் முனகினேன். கொஞ்சம் தாராளமாகவே முனகினேன்.

"புது ஆபீஸ் எப்படி இருக்கு?"

"பெரிய கட்டடம். லிஃப்ட் இருக்கு."

"எத்தனை மாடி?"

"ஆறு."

"உங்களுக்கு?"

"அஞ்சாவது."

"காத்து நல்லா வருமே?"

"பறக்கற பேப்பரைப் பிடிக்கவே தனியா ஒரு ஆள் போட்டிருக்காங்க."

உண்மையான கட்டடத்துக்கு அனுமதி வாங்கவே ஆறு மாதமாகும். நான் மூன்று நாளில் ஆறு மாடி எழுப்பி, வேலைக்கும் ஆள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு ஷோரூமுக்குப் போகலாங்க. இந்தப் பஸ் பிரச்சினைக்கு ஒரு வழி பண்ணியாச்சு. வண்டிக்கும் சொல்லிட்டேன்."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டி மெக்கானிக்கின் கையைக் குலுக்கினேன். அவர் அப்போதே வயர் அளக்கத் தொடங்கிவிட்டார்.

சனிக்கிழமை ஷோரூமில் கறுப்பு வண்டி என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். விற்பனையாளர் எங்கள் இருவரையும் பார்க்காமல் உள்ளே நடந்தார். அங்கே வெளிர்பச்சையில் சின்னதாக ஒரு வண்டி. முன்னால் ஒரு கூடை வேறு.

"உங்க வண்டி ரெடி மேடம்."

"மேடமா?" என்றேன்.

"எனக்குத்தாங்க" என்றாள் அவள். "லேப் ரெண்டரை கிலோமீட்டர். ஒரு சார்ஜுக்கு எழுபதுன்னு சொல்றாங்க. ஐம்பது வந்தாலே பத்து நாளைக்குப் போதும். பேட்டரியைத் தூக்கிப் பார்த்துட்டேன், மூணு மாடி என்னால ஏத்த முடியும். சர்வீஸ் சென்டர் லேப்புக்கு அடுத்த சந்து. பேட்டரிக்கு மூணு வருஷ வாரண்டி. குடுக்கிற விலைக்கு உழைக்கிற வண்டி."

"அப்போ என் வண்டி?"

"உங்களுக்கு எதுக்குங்க வண்டி? போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர். லாரி போற ரோடு. அந்த முதுகை வச்சுக்கிட்டு பைக்ல போற தூரமா அது? உங்களுக்குப் பஸ்தான் நல்லது. மாசப் பாஸ் எடுத்து வச்சிருக்கேன்."

கைப்பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. ரிட்டயராக இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது. பதினோரு வருடம் ஒரு மனிதன் பூங்கா பெஞ்சில் உட்கார முடியுமா? வேறு வழியில்லை. வரைபடத்தில் ஓடைகளுக்குப் பெயர் எழுதுவேனே, அந்த எழுத்தின் அளவுக்குக் குரலைச் சுருக்கிக்கொண்டு சொன்னேன்:

"ஆபீஸ் மாறலை."

"தெரியும்."

"எப்படி?"

"புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல இந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் குடுத்தாங்க. உங்க ஆபீஸ் தெருவுல ஒரு சுத்து சுத்தினேன். நீங்க முதல் மாடி ஜன்னல்ல டீ கிளாஸோட நின்னுட்டிருந்தீங்க. நான் ஹெல்மெட்டோட கை ஆட்டினேன். நீங்களும் ஆட்டினீங்க."

நான் வண்டியின் கூடையை ஆராய ஆரம்பித்தேன்.

"பிரேக் எப்படிப் பிடிக்குதுன்னு பார்க்க வியாழக்கிழமை மறுபடி வந்தேன். அதே ஜன்னல். தலையைப் படிய வாரிக்கிட்டு, காலரை இழுத்து விட்டுக்கிட்டு நின்னீங்க. நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாடியே ஆட்டினீங்க."

விற்பனையாளர் திடீரென்று ஒரு டயரைத் துடைக்கக் குனிந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து அந்தக் கண்கள் மட்டும் தெரிந்தன.

"அது சரி, யாருன்னு நினைச்சு ஆட்டினீங்க?"

பஸ் பாஸை நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.