சவரிநாதனும் சுருட்டைப் பார்ஸ்லியும்

"ரோசரி, இது இனிப் பிழைக்காது! சுருட்டை நோய் முத்திப் போச்சு!"

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் சவரிநாதன் தன் மனைவியைக் கூப்பிட்டுப் போட்ட கூச்சல் திருச்சி பாலக்கரையில் பாதிப் பேருக்குக் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்திருந்த எங்களுக்குக் கேட்காமல் போகுமா?

தோல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா அவர். திண்டுக்கல் கிளைக்கு மாற்றல் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "காவிரித் தண்ணி குடிச்ச உடம்புங்க இது. அங்கே போய் உப்புத்தண்ணிக்குக் குடம் தூக்கவா?" என்று தெருவில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டார்.

மேனேஜர் துரையின் மனைவி துரைசானி மனம் வைத்தால் மாற்றல் நிற்கும். அவளுக்கோ தோட்டப் பைத்தியம். கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லி என்ற சீமைத் தழையின் விதை இரண்டு பொட்டலம் கொடுத்து, ஒன்று 'ஃப்ளாட்', ஒன்று 'கர்லி', கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கர்லிதான் வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

சவரிநாதன் இங்கிலீஷில் புலி. கர்லி என்றால் கறிக்குப் போடுவது என்று அந்த நிமிஷமே புரிந்துகொண்டார். அப்படியானால் மற்றது ரசத்துக்கு. தொட்டிகளின் மேல் சுண்ணாம்பால் அப்படியே எழுதியும் வைத்தார்.

இப்போது கறித் தொட்டியில் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. புகையிலைத் தண்ணீர் தெளித்தார், இன்னும் சுருண்டது. சாம்பல் தூவினார், அதற்கும் சுருண்டது.

"விட்டா ரசத்துக்கும் பரவிடும்" என்று வேரோடு பிடுங்கி மறுபக்கத்துச் சுவருக்கு மேல் வீசினார். பக்கத்து வீட்டு ஹாஜிராவின் ஆடு தும்மிக்கொண்டே தின்று தீர்த்தது.

அந்த நேரம் பார்த்துத் துரைசானியின் பட்லர் செல்லக்கண்ணு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஐயா, இலை நல்லாச் சுருண்டிருக்கான்னு அம்மா பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"எது சுருளணும்?"

"கர்லிங்க. கர்லின்னா சுருட்டை. தட்டை இலையை அம்மா கையால தொடமாட்டாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆடு ஒரு தும்மல் போட்டது.

"காலையில வாங்க, ரெடியா இருக்கும்." சவரிநாதன் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் அவர்.

ரசத் தொட்டிக்கு ஓடினால், அங்கே மொட்டைக் காம்புகள்தான் நின்றன.

"இலை எங்கேடி?"

"ரசத்துலங்க. நீங்கதானே எழுதி வெச்சிருக்கீங்க?"

மிச்சம் ஒரு கைப்பிடி தேறியது. அத்தனையும் தட்டை.

"உன் கொண்டை ஊசியெல்லாம் எடுத்துட்டு வா!"

"பூசைக்கு நான் தலைவிரி கோலமாப் போறதா?"

"உனக்குக் காவிரி வேணுமா, கொண்டை வேணுமா?"

இலை இலையாகச் சுருட்டி, ஊசி குத்தி, ஈரத்துணி போர்த்தி வைத்தார். காலையில் ஊசிகளை உருவிவிட்டுப் பட்லரிடம் கம்பீரமாக நீட்டினார். ரோசரியின் மானத்தைக் கோயிலில் முக்காடு காப்பாற்றியது.

சாயங்காலம் செல்லக்கண்ணு மறுபடி வந்தார். உள்ளங்கையில் ஒரு கொண்டை ஊசி.

"மீன் மேல இருந்துச்சுங்க. துரை பல்லுல பட்டுடுச்சு."

சவரிநாதன் ஊசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப... திண்டுக்கல்தானா?"

"திண்டுக்கல் ரத்துங்க! 'எனக்காக இலைக்கு ஊசி குத்தின மனுஷனை விட்டுட்டு நான் போகமாட்டேன்'னு அம்மா ஒரே பிடிவாதம். துரைக்குக் கான்பூருக்கு மாத்தலாயிருக்கு, உங்களையும் கூடவே கூட்டிட்டுப் போறாங்க. தண்ணிக்கு மட்டும் கவலைப்படாதீங்க ஐயா, அங்கே கங்கையே ஓடுதாம்!"