மஞ்சள் ரிப்பனும் தேதி குறிக்காத திருவிழாவும்

தலைவனாக ஆசைப்படுகிறவன் முதலில் ஒரு பெட்டி ஊக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொள்கை, மேடைப்பேச்சு எல்லாம் பிறகு. இருபது வயதில் எனக்கு இது தெரியாது. (தெரிந்திருந்தால் எங்கள் தோட்டமே மாதக்கணக்கில் கருவாட்டு வாசனைக்கு ஏங்கியிருக்காது.)

மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஏமாற்றுகிறார் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் செல்லம்மா அக்கா. தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் தொரை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் லயத்துக் காம்பரா வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். புருஷன் இல்லாதவர், இரண்டு பெண்பிள்ளைகள். போக்கிடம் என்று பார்த்தால் மலைமேல் மிதக்கும் பனிமூட்டம்தான்.

நான் கொதித்தேன். எல்லோரும் ஆதரவு ரிப்பன் அணிந்து தலவாக்கலைத் தொழில் கந்தோருக்கு, அதாவது தொழிலாளர் அலுவலகத்துக்கு, ஊர்வலம் போவோம் என்றேன். சிவப்பு கட்டினால் ஒரு சங்கத்தார் முறைப்பார்கள், நீலம் கட்டினால் இன்னொரு சங்கத்தார். வெள்ளை இழவு வீட்டை ஞாபகப்படுத்தும். ஆகவே என் வேட்டியைக் கிழித்து, அம்மாவின் மஞ்சளைக் கரைத்து முக்கினேன். கோழிக்குஞ்சு நிறத்தில் ரிப்பன்கள் கொடியில் ஆடின. உலகத்தின் முதல் விடியலுக்கு நானே சாயம் போட்டதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை. நெஞ்சில் குத்த ஊக்கு இல்லை. சரி, கையில் கட்டுவோம். மழை பிடித்துக்கொண்டது. சரி, மாரியம்மன் கோயிலுக்குள் நின்று கட்டுவோம். செல்லம்மா அக்காவுக்கு முதல் ரிப்பன். (எல்லோருக்கும் கட்டியதில் எனக்குத்தான் மிஞ்சவில்லை.) கூட்டத்தைப் பார்த்த பூசாரி உற்சாகமாகி மணியடித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். புரட்சிக்குத்தான் குலவை என்று எனக்குப் புல்லரித்தது.

தோட்டத்து எல்லையில் ஒரு பாலம். கோஷம் போட்டபடி அதைக் கடந்து திரும்பிப் பார்த்தால், மொத்த ஊர்வலமும் அந்தக் கரையிலேயே நிற்கிறது.

“வாங்கக்கா! நேரமாகுது!”

“காப்புக் கட்டிப்புட்டு எல்லை தாண்டச் சொல்றியே தம்பி, வெளங்குமா?” என்றார் செல்லம்மா அக்கா.

“இது காப்பு இல்லக்கா, ரிப்பன்!”

“மஞ்சத்துணி, கோயிலு, மணியும் அடிச்சாச்சு. ரிப்பனாம்ல!”

“அப்ப அவுத்துட்டு வாங்க!”

“திருவிழா முடியாமலா? ஆத்தா கண்ணைப் புடுங்கிருவா.”

“எந்தத் திருவிழா?”

“கட்டுனவன் நீ. தேதியை நீதான் சொல்லணும்.”

தனியாகவே தலவாக்கலை போனேன். “ஊர்வலம் எங்க?” என்றார் கிளாக்கர். “பாலத்துல நிக்குதுங்க,” என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

நனைந்த கோழியாகத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செல்லம்மா அக்காவின் சட்டிபானைகளை வெளியே எடுத்துவைக்கப் பெரிய கங்காணி வந்திருந்தார். அக்கா கையை நீட்டிக் காட்டினார். கங்காணி செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், பங்களாவுக்கு ஓடினார்.

“காப்புக் கட்டுன பொம்பளய எல்லைக்கு வெளியே தள்ள என்னால முடியாதுங்க தொரை. நான் புள்ளகுட்டிக்காரன்.”

திருவிழா முடியும்வரை இருந்து தொலையட்டும் என்றாராம் தொரை.

அப்புறம் நான் தேதி குறிப்பேனா?

மாசி போனது, சித்திரையும் போனது. அக்கா வீட்டு அடுப்புக்கு லயமே அரிசி கொடுத்தது. கவுச்சி இல்லை. அட்டனுக்குப் படம் பார்க்கப் போக வழியில்லை. புதுமாப்பிள்ளை சுப்பையா அண்ணன் என்னைக் கண்டாலே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினார். (விரதம் என்றால் எல்லா வகையிலும் விரதமல்லவா!)

“எப்படா தேதி?”

“நல்ல நாள் பாக்குறேண்ணே.”

ஆடி பிறக்குமுன் தொரை சீமைக்குக் கப்பலேறினார். புதுத் தொரை செல்லம்மா அக்காவை மறுபடி பெரட்டில் சேர்த்து வேலை கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே திருவிழா. மறுநாள் லயம் முழுக்கக் கறி வாசனை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். மஞ்சள் கயிற்றை நான் கையில் எடுத்ததும் முன்வரிசையிலிருந்து செல்லம்மா அக்கா சத்தமாகக் கேட்டார்:

“தம்பி, இது தாலியா, ரிப்பனா? சொல்லிட்டுக் கட்டு!”

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் தடம்புரண்டது. என் மனைவிக்கு இன்றைக்கும் கோபம் வந்தால், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பாள்.