மீன்கொத்திக்கு ஒரு லென்ஸ்

அன்பு மச்சான் கிளிஃபர்டுக்கு, தொம்மலூரிலிருந்து உன் அக்காள் புருஷன் ஓஸ்வால்ட் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் டோரீனும் சுகம். ஆனேக்கல்லில் நீயும் சோஃபியாவும் உன் போட்டோ ஸ்டுடியோவும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே சுகமில்லாதது என் வலது தோள்பட்டை ஒன்றுதான். அதன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ சிரிப்பாய், அது உன் அக்காவுக்குக் கேட்கும், அப்புறம் அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரிப்பீர்கள். ஆகையால் பேனாவை எடுத்தேன்.

எங்கள் பங்குக் கோயில் காலண்டர் உனக்குத் தெரியும். பங்கில் அது தொங்காத வீடு கிடையாது. இந்த வருஷம் பிரிஜெட் அம்மாளின் காலண்டர் கமிட்டி 'ஆண்டவரின் படைப்புகள்' என்று தலைப்பு வைத்து, பங்கு மக்களே எடுத்த பறவை, மிருகப் படங்களைக் கேட்டது. பாடகர் குழு கில்பர்ட் மறுநாளே யானை, மான், மயில் என்று ஒரு காட்டையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவன் லென்ஸ் முழங்கை நீளம், அவன் தற்பெருமை அதைவிட நீளம். டெலிபோன் ஆபீசில் ரிட்டயரான நாளிலிருந்து நீ கொடுத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேனே, எனக்கு ஒரு மாசம் கிடைக்கக்கூடாதா? ஒரே ஒரு மாசம் மச்சான். பிப்ரவரி கொடுத்தாலும் சரி, குட்டி மாசம்தானே. ஆசைப்பட்டுவிட்டேன், மறைப்பானேன்.

வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற லென்ஸ் ரெண்டுதான். ஒன்று நானூறு மில்லிமீட்டர் வரை இழுக்கும், இலேசானது. இன்னொன்று அறுநூறு வரை இழுக்கும், கைக்குழந்தை கனம். எது நல்லது என்று வாடகைக் கடை மஞ்சுநாத்தைக் கேட்டால், "ஸார், பறவைன்னா எவ்ளோ தூரம் இழுத்தாலும் சாலல்ல ஸார், பத்தவே பத்தாது" என்றார். சரி, அறுநூறையே எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டு மேஜையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அக்காவைக் குறிவைத்தேன். வெறும் புகைதான் தெரிந்தது. லென்ஸ் கெட்டுப்போனது என்று மஞ்சுநாத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஸார், மேடம் ரொம்ப கிட்ட இருக்காங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க ஸார்" என்றார். தள்ளிப் போனேன். ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக் கேட்டில் முதுகு இடித்த பிறகு பார்த்தால், திறந்த கதவு வழியாக உன் அக்காவின் ஒரு காது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஓடிவந்து படத்தைக் காட்டினேன். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் என் காது தெரிஞ்சுதா? அந்தத் தோடு எப்படித் தேஞ்சு கெடக்குன்னும் பாருங்க" என்றாள். லென்ஸை உறையில் போட்டுவிட்டேன்.

அடுத்த கூத்து கோயிலில். வீட்டுக்கு எது வந்தாலும் சாமியாரிடம் மந்திரித்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்பது உன் அக்காவின் சட்டம். மிக்ஸிக்கே நடந்திருக்கிறது. "வாடகை லென்ஸுடி இது" என்றேன். "வாடகை வீட்ல இருந்தப்ப வீட்டை மந்திரிக்கலையா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புது ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் சாமியாருக்குத் தீர்த்தம் தெளிப்பதில் தாராள மனசு. ஸ்கூட்டருக்கு வீசிய அதே வீச்சை லென்ஸுக்கும் வீசினார். இழுத்து வைத்திருந்த ஜூமின் இடுக்கு வழியாகத் தீர்த்தம் உள்ளே போய்விட்டது. விலை குறைந்த லென்ஸில் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம் இருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக்குள் ஒரே பனிமூட்டம். உன் அக்கா கலங்கவில்லை, அரிசி டிரம்மில் புதைத்து வைத்தாள். பனி போய்விட்டது. ஆனால் ஜூமைத் திருப்பினால் கரகரவென்று சோனா மசூரி அரிசி பேசுகிறது.

அதோடு விட்டேனா? நானும் உன் அக்காவும் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். வெறும் கண்ணுக்குப் பளீரென்று தெரிகிற மீன்கொத்தி, லென்ஸில் பார்த்தால் காணோம். இலை தெரிகிறது, அதற்குப் பின்னால் இன்னொரு இலை தெரிகிறது. "லெஃப்ட்ல, லெஃப்ட்ல! ஐயோ, உங்க லெஃப்ட் இல்லங்க, அதோட லெஃப்ட்!" என்று உன் அக்கா கத்தினாள். கனத்தில் கை நடுங்கி, எடுத்த படமெல்லாம் நீலக் கறை. பறவை பறந்துபோன பிறகு வந்த காலிக் கிளை மட்டும் அற்புதமாக விழுந்திருக்கிறது. கடைசியில் கரையில் குப்புறப் படுத்து, லென்ஸை ஒரு கல்லின்மேல் வைத்து, ஆடாமல் அசையாமல் அந்தக் கிளையையே பார்த்துக் கிடந்தேன். அது திரும்பி வரவே இல்லை. சட்டையெல்லாம் சேறோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே மச்சான், தீர்மானமாகச் சொல்கிறேன். நானூறும் வேண்டாம், அறுநூறும் வேண்டாம். லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மஞ்சுநாத் ஜூமைத் திருகினார், மேஜையில் ரெண்டு அரிசி விழுந்தது, "என்ன ஸார் இது, அக்கியா, அரிசியா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். படம் கொடுக்கிற கடைசித் தேதியும் போய்விட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கில்பர்ட்டே வருஷம் முழுக்கத் தொங்கட்டும். நீயும் எனக்காக எந்த லென்ஸையும் தேட வேண்டாம், கேமராவையும் வந்து எடுத்துக்கொண்டு போ.

சோஃபியாவுக்கு என் அன்பு. உன் ஸ்டுடியோவுக்கு வருகிற மாப்பிள்ளை, பெண் எல்லாரும் கண்ணை மூடாமல் போஸ் கொடுக்க அந்தோணியாரை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
தோள்வலியோடு,
ஓஸ்வால்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனேன், பிரிஜெட் அம்மா காலண்டரோட மாதிரிப் பிரதியோட வந்து நிக்கிறாங்க. ஜூன் மாசத்தைத் திறந்தா, நான்தான்டா! ஏரிக்கரையில வாயைப் பொளந்துகிட்டுக் குப்புறக் கெடக்கிறேன். என் லென்ஸ் முனையில அந்த மீன்கொத்தி, அலகுல மீனோட, ஜம்முனு உட்கார்ந்திருக்கு! உன் அக்கா பின்னாடி நின்னு போன்ல எடுத்து, என்கிட்ட மூச்சுவிடாம கமிட்டிக்கு அனுப்பியிருக்கா. "ஏன்டி அப்பவே சொல்லல?"ன்னு கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க திரும்பியிருப்பீங்க, அது பறந்திருக்கும்"ங்கிறா. படத்துக்குக் கீழே 'டோரீன் ஓஸ்வால்ட்'னு போட்டிருக்கு, பாதி என் பேருதானே மச்சான்! கேமராவை எடுக்க வராதே. அறுநூறையே நல்லதாப் பார்த்து வாங்கி வை, உன் அக்காவே சொல்லிட்டா. நானூறு ரொம்பக் குட்டையாம், மீன்கொத்திக்கு உட்கார இடம் பத்தாதாம்.